ஆரணியில் ஒன்பதாவது கேள்வி

ஆரணிக்குப் போகிறேன் என்றதும் எங்கள் வவுனியா அலுவலகத்தில் மூன்று பெண்கள் என் மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருத்திக்கு மாம்பழ நிறத்தில் பட்டுச்சேலை வேண்டும். ஒருத்திக்குக் கரும்பச்சையில் சிவப்புக் கரை. பதிவு எழுதும் சுபாவுக்கு எந்த நிறமானாலும் சரி, முந்தானை மட்டும் வடிவாக இருக்க வேண்டும். நான் போவது சேலை வாங்க அல்ல என்று இரண்டு தரம் சொன்னேன். ஒருத்தியும் காதில் வாங்கவில்லை.

மனநல மருத்துவர் மாதத்தில் ஒருநாள் வந்துபோகிற ஊரில், மற்ற நாட்களில் நோயாளிகளை யார் பார்ப்பது? இந்தக் கேள்வியோடு நான் இருபது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆரணிப் பக்கத்தில் அந்தந்தத் தெருப் பெண்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்புகிறார்கள், மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் வாசல்வரை போய்ச் சேருகின்றன என்று கேள்விப்பட்டோம். எட்டு நாள் இருந்து பார்த்துவிட்டு வா, நல்லதாக இருந்தால் நாமும் செய்வோம் என்று என்னை அனுப்பினார்கள்.

சென்னையிலிருந்து ஏறிய பஸ் செய்யாறு தாண்டியதும் புகைவிட்டு நின்றது. நடத்துநர் இறங்கிப் பார்த்தார், ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார், பிறகு பாதிப் பஸ்ஸும் இறங்கிப் பார்த்தது. அடுத்த பஸ் நிரம்பி வந்தது. வெம்பாக்கத்தில் நாத்து நட்டுவிட்டுத் திரும்பும் பெண்கள் நாலு பேர் தங்கள் தூக்குப்பாத்திரங்களை மடியில் ஏற்றி எனக்கு ஒரு சாண் இடம் தந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னேன். "சண்ட நடந்துச்சே, அங்கியா?" என்றாள் ஒருத்தி. ஓம் என்றேன். அதற்குமேல் ஒருத்தியும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அந்தப் பழத்தை அன்று முழுவதும் சாப்பிடாமல் வைத்திருந்தேன்.

ஆரணி பஸ் நிலையத்தில் செல்வி ஸ்கூட்டரோடு நின்றாள். நாற்பது வயதிருக்கும். நெசவுக் குடும்பத்தில் பிறந்து நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். சுகாதாரப் பணியாளராக ஐந்தாறு தெருக்களைப் பார்க்கிறாள்.

"இன்னாக்கா, இவ்ளோ லேட்டு? பஸ்ஸு பேஜார் பண்ணிடுச்சா?" என்று என் பையைப் பிடுங்கி முன்னால் வைத்தாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். என் வயதுக்கும் உடம்புக்கும் ஸ்கூட்டர் ஏற்றதல்ல. எட்டு நாளும் அதில்தான் போனேன்.

மறுநாள் காலை இட்லியும் வடகறியும். எங்களூரில் தேங்காய்ப்பூ விழாத கறி கறியே இல்லை. இங்கே பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பாக்கி அதை இட்லிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். முதலில் முகம் சுளித்தேன், பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். தேத்தண்ணியைத்தான் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. பாலும் சீனியுமாக, பாயசம்போல.

செல்வியின் பையில் நான்கு பொருட்கள் இருந்தன. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் அச்சடித்த தாள், மாத்திரை அட்டை, கட்டம் போட்ட நாட்காட்டி, ஒரு பேனா. மனச்சோர்வில் விழுந்தவரிடம் அவள் பெரிய தத்துவம் எதுவும் பேசுவதில்லை. "மனசு வரட்டும், செய்வோம்னு காத்துகினு இருக்காதீங்க. கொஞ்சம் செய்ங்க, மனசு பின்னாடி வரும்" என்பாள். ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலை என்று நாட்காட்டியில் குறித்துக்கொடுப்பாள். வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பாள். உலகம் முழுவதும் சோதித்துப் பார்த்து, பலன் உண்டு என்று கண்ட முறை இது. நான் வகுப்பறையில் படம் போட்டு விளக்குவதை அவள் வாசற்படியில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறாள். பொறாமையாகத்தான் இருந்தது.

அவளிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திக் காது கொடுப்பாள். விசைத்தறிகளின் ஓயாத இரைச்சலுக்கு நடுவே கைத்தறிகளின் சத்தத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வாள். "தா, அது மூணாவது வூடு. தீவாளிக்கு அப்பறம் தலையே தூக்க முடியாம படுத்தவரு, இப்ப ஓட்டறாரு. அந்தாண்ட வூட்டுல நிறுத்தி நிறுத்தி ஓடுது பாருங்க, அந்தம்மா மாத்திர சரியா போடல." உள்ளே போய்ப் பார்த்தோம். அந்தம்மா உண்மையாகவே மாத்திரையை விட்டிருந்தாள்.

நான் என் குறிப்பேட்டில் எழுதினேன்: "காதால் நாடி பார்க்கிறார்கள். நம் ஊருக்கும் இப்படி ஒன்று வேண்டும்." அந்த வரியை அடித்துவிடாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

அன்று கடைசியாகப் போனது வரதன் வீட்டுக்கு. ஐம்பதைத் தாண்டிய மனிதர், மெலிந்த உடம்பு. தறிக்குழியில் கால்களை விட்டு உட்கார்ந்து, எலுமிச்சை நிறப் பட்டுச்சேலை நெய்துகொண்டிருந்தார். ஏழு மாதத்துக்கு முன்பு குளிக்கவும் எழும்பாமல் கிடந்தவராம். செல்வி அவருக்கு முதலில் குறித்துக்கொடுத்தது ஒரு நாளைக்கு நாலு விரல் அகலம் நெய்வது. பிறகு ஒரு சாண், பிறகு ஒரு முழம். நாட்காட்டியில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.

"ரெண்டு நாள் வேலய ஒரே நாள்ல முடிக்கறாருக்கா" என்றாள் அவர் மனைவி கஸ்தூரி. பெருமை அவள் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"எப்பிடிண்ணா இருக்கீங்க?" என்று செல்வி கேட்டாள்.

"நல்லாருக்கேங்க" என்றார். தறியில் குறுக்கே ஓடும் நாடா நிற்கவில்லை. என்னைப் பார்த்து, "உங்க ஊரு கடலோரமாங்க?" என்று கேட்டார். இல்லை, நடுவில இருக்கிற ஊர், குளங்கள்தான் கூட என்றேன். தலையாட்டிக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது எழுந்து வந்து, மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துச் செல்வியிடம் நீட்டினார். போன மழைக்கு அவள் விட்டுப்போனதாம். துடைத்துக் கட்டி வைத்திருந்தார்.

வெளியே வந்து செல்வி போன வாரம் நிரப்பிய தாளைக் காட்டினாள். எட்டுக் கேள்விகளுக்கும் குறி விழுந்திருந்தது. ஒன்பதாவது வெறுமையாக இருந்தது. செத்துப்போனால் நல்லது என்ற எண்ணமோ, தனக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணமோ வருகிறதா என்று கேட்கும் கேள்வி அது. அதற்கு முந்தைய வாரத் தாள்களையும் புரட்டினேன். எல்லாவற்றிலும் அந்த இடம் வெறுமைதான்.

"அத்த எப்பிடிக்கா கேக்கறது?" என்றாள் செல்வி. "சுவத்துக்கு அந்தாண்ட தங்கச்சி வூடு. இந்தாண்ட பங்காளி வூடு. நல்லா எழுந்து உக்காந்துகினு இருக்கற மனுசன போய் அத்த கேட்டா, நாமளே நெனப்பு வர வெச்ச மாதிரி ஆயிடாதா?"

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, ஏற்கெனவே இருந்தால் சொல்ல ஒரு வாசல் திறக்கிறது. இதை நான் எத்தனையோ பயிற்சிகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் விருந்தாளியாக வந்த முதல் நாளே வாத்தியார் வேலை பார்க்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அப்போது அதற்கு நாகரிகம் என்று பெயர் வைத்தேன். கோழைத்தனம் என்பதே சரியான பெயர்.

அடுத்த நாள் கலசப்பாக்கம் பக்கத்தில் மருத்துவர் வரும் முகாம். மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், வரிசையில் அறுபது எழுபது பேர். ஒருவருக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. அந்த மூன்று நிமிடத்துக்கு முன்னாலும் பின்னாலும் செல்வி மாதிரிப் பெண்கள் நின்று பேசுகிறார்கள், மருந்தை விளக்குகிறார்கள், வராதவர் பெயரைக் குறித்துக்கொள்கிறார்கள். எங்கள் முகாம்களில் வராதவரை நாங்கள் தேடிப் போனதில்லை. இதையும் எழுதிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டர் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். வண்டியை அவள் தள்ள, நான் பின்னாலிருந்து தள்ள, போளூர் சாலையில் லாரிகள் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஒருவழியாக வேறொரு கடையில் பஞ்சர் ஒட்டி ஆரணி வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. அன்று வரதனுக்கு வாராந்திரப் பார்வை பாக்கி. முதல் நாள் நாங்கள் போனது என்னைக் காட்டுவதற்குத்தான். செல்வி தெருமுனையில் வண்டியை நிறுத்திக் காது கொடுத்தாள்.

"ஓடுது. ஜல்தியா ஓடுது பாருங்க. நல்லாருக்காரு" என்றாள். தாளை ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, குறி போட்டு, மடித்து உள்ளே வைத்தாள். எனக்கு முழங்கால் வலி. உள்ளே போவோம் என்று நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் எனக்குத் திருமலையைக் காட்டுவதாகச் செல்வி சொல்லியிருந்தாள். போளூர்ப் பக்கத்துச் சமணர் மலைக்கோயில், குகை, பழைய ஓவியங்கள். ஆசையாகத்தான் கிளம்பினேன். போகிற வழியில் ஒரு வீட்டில் மாத்திரை கொடுக்க இறங்கினோம். பக்கத்தில் தெருக்குழாயில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்று தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் பல வீடுகளில் தெலுங்குதான் வீட்டு மொழி. விளங்காத பேச்சு காதில் விழுந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று செல்வியிடம் கேட்டேன்.

அவள் அட்டையில் மாத்திரைகளை எண்ணிக்கொண்டே மொழிபெயர்த்தாள். "அதுல ஒருத்தங்க லோகம்மா. புதுப் பாவு வந்தா பழைய நூலோட பிணைச்சு குடுக்கறவங்க. வரதண்ணன் இந்த தபா பிணைக்க வர வேணாம்னு சொல்ட்டாராம். அச்சுல மிச்ச நூலு எதுவும் விடாம அறுத்து எடுத்துடப் போறாராம்..."

அதோடு அவள் நிறுத்திவிட்டாள். கையிலிருந்த அட்டை அப்படியே நின்றது.

எனக்கு எதுவும் விளங்கவில்லை. பிறகுதான் சொன்னாள். ஒரு பாவு என்பது மூன்று நாலு சேலைக்கான நீள நூல். அது நெய்து முடியும்போது கடைசி நுனியை யாரும் அறுத்து எறிவதில்லை. ஆயிரக்கணக்கான இழைகளும் தறியின் அச்சுக்குள் கோத்தபடியே தொங்கும். புதுப் பாவு வந்ததும் லோகம்மா போன்றவர்கள் விரலில் சாம்பல் தொட்டு, பழைய இழை ஒவ்வொன்றோடும் புது இழையை முறுக்கிச் சேர்ப்பார்கள். உடம்புக்கு முடியாமல் மாதக்கணக்கில் தறியை நிறுத்துகிறவர்கள்கூட அந்த நுனியை விட்டுவைப்பார்கள். அதை அறுத்து எடுப்பது, இனி இந்தத் தறியில் நான் உட்காரப்போவதில்லை என்பது.

"அவரு மகன் வூட்டுக்கு மெட்ராஸ் போறாருன்னு கஸ்தூரி சொன்னாங்க. ரெஸ்ட்டுக்குன்னு நெனச்சேன்" என்றாள் செல்வி. "ரெஸ்ட்டுக்கு போறவங்க யாருக்கா நூல அறுப்பாங்க?"

எனக்கு அந்தக் குடை நினைவுக்கு வந்தது. துடைத்துக் கட்டி வைத்த குடை.

எங்கள் பக்கத்தில் மலர் என்று ஒருத்தி இருந்தாள். சண்டைக்குப் பிறகு மீள்குடியேறிய கிராமம். இரண்டு வருடம் நான் பார்த்த பெண். ஒருநாள் போனபோது முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தாள். கிணற்றடியைத் தேய்த்துக் கழுவியிருந்தாள். நான் முன்பு மறந்துவிட்டுப்போன சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித் துணியில் சுற்றித் தந்தாள், கூடவே ஒரு கட்டு முருங்கைக்காய். சந்தோசமாகத் திரும்பி வந்து அவளுடைய கோப்பில் "நன்றாக இருக்கிறார்" என்று எழுதினேன். அவள் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. நான் அவளைக் கேட்கவில்லை. முருங்கைக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திருமலைக்கு நாங்கள் போகவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தோம், கிட்டத்தட்ட ஓடினோம். தெரு நெடுக வரதனின் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நேற்றுவரை அது எங்களுக்கு நல்ல செய்தி.

வாசலில் செல்வி ஒரு கணம் நின்றாள். "நீங்க கேக்கறீங்களாக்கா?" என்றாள்.

"நீர்தான் கேக்க வேணும். உம்மைத்தான் அவருக்குத் தெரியும்" என்றேன். "நான் பக்கத்தில இருப்பன்."

உள்ளே கஸ்தூரி அரிசி களைந்துகொண்டிருந்தாள். செல்வி நேராகப் போய்த் தறிக்குழியின் ஓரத்தில், தரையில், வரதனின் தோள் உயரத்துக்குச் சமமாக உட்கார்ந்தாள். அவர் நாடாவை நிறுத்தினார்.

"இன்னும் ஒரு முழந்தான் இருக்குது. முடிச்சிடறேன்" என்றார்.

"முடிச்சிட்டுண்ணா?"

அவர் நெய்த பட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். செல்வி கையிலிருந்த தாளைக் கசக்கினாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணா, செத்துப் போயிடணும்னு நெனப்பு வருதா உங்களுக்கு?"

களைந்துகொண்டிருந்த அரிசியின் சத்தம் நின்றது. வரதன் நிமிர்ந்து செல்வியைப் பார்த்தார். நான் குறுக்கே ஏதாவது பேசிவிடுவேனோ என்று பயந்து என் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"வருதும்மா" என்றார்.

"எத்தினி நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடி இருந்தே. பாதிப் பாவுல வுட்டுட்டு போனா இன்னொருத்தன் வந்து உக்காந்து அத்த முடிக்கணும். அந்த பேஜாரு யாருக்கும் வேணாம்னு பார்த்தேன். அதான் ஜல்தியா ஓட்டிகினு இருந்தேன்."

"என்னாண்ட ஏண்ணா சொல்லல? வாராவாரம் வந்தேனே."

அவர் கோபப்படவில்லை. குற்றம் சாட்டவும் இல்லை. நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். "நல்லாருக்கீங்களான்னு தான கேட்ட. யாரும் இத்த கேக்கலியே."

கஸ்தூரி ஈரக் கையோடு வந்து குழிக்குப் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். அழுதாள், திட்டினாள், தெலுங்கில் ஏதேதோ சொன்னாள். அதை மொழிபெயர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர் அவள் தலையில் கையை வைத்தபடி இருந்தார்.

அதன்பிறகு செல்வி செய்த எதிலும் தடுமாற்றமே இல்லை. முதலில், இனி ஒரு நிமிடமும் அவரைத் தனியாக விடக்கூடாது என்று கஸ்தூரியிடம் சொன்னாள். மருத்துவருக்குப் போன் செய்து, அவர் எடுக்கும்வரை விடாமல் அடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்த தங்கையை வரதனின் சம்மதத்தோடு கூப்பிட்டாள். எந்தச் சுவருக்குப் பயந்து இத்தனை மாதம் கேட்காமல் இருந்தாளோ, அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தவள் கேள்வி எதுவும் கேட்காமல் அண்ணனுடைய சட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். ஒரு மணி நேரத்துக்குள் ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஆட்டோவில் ஏறும் முன்பு வரதன் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தார். "அந்த ஒரு முழம்..." என்றார்.

"அது அப்பிடியே இருக்கட்டும்ணா" என்றாள் செல்வி. "அத்த யாரும் தொட மாட்டாங்க. நீங்கதான் முடிக்கணும்."

அவர்கள் போனபிறகு நானும் செல்வியும் வெறும் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். ஊறிய அரிசி அப்படியே கிடந்தது. அவள் தன் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஓடுது ஓடுதுன்னு எழுதிகினு இருந்தேனேக்கா. அவரு முடிக்கத்தான் ஓட்டிகினு இருந்தாரு" என்றாள். தலையில் அடித்துக்கொள்ளப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டேன். மலரைப் பற்றிச் சொன்னேன். முருங்கைக்காய் வரை எல்லாவற்றையும் சொன்னேன். வேறொருவரிடம் நான் அதை முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்பறமா நீங்க எல்லாரையும் கேக்கறீங்களாக்கா?"

பயிற்சியில் கேட்கச் சொல்கிறேன் என்றேன். அவள் விடவில்லை. "நீங்க?" என்றாள். நான் ஊறிய அரிசியை எடுத்து மூடி வைத்தேன். மலருக்குப் பிறகு எனக்கு அந்தக் கேள்வியே பயம். என்ன பதில் வரும் என்ற பயம்.

அடுத்த நாட்களில் ஆஸ்பத்திரியில் மருந்தை மாற்றினார்கள். மூன்று இரவு வைத்திருந்து, வீட்டில் எப்போதும் ஒருவர் துணை, மாத்திரை கஸ்தூரியின் கையில், செல்வி தினமும் நேரில் பார்ப்பது என்ற ஏற்பாட்டோடு அனுப்பினார்கள். அவர் குணமாகிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அதற்காகவே எனக்கு அந்த மருத்துவரைப் பிடித்தது. இதற்கிடையில் செல்வியும் மற்றப் பணியாளர்களும் கூடி உட்கார்ந்தார்கள். ஒன்பதாவது கேள்வியை வாசலில் நின்று கேட்க முடியாதென்றால் உள்ளே போய்க் கேட்பது, உள்ளேயும் முடியாதென்றால் "கொஞ்சம் கடை வரைக்கும் வாங்க" என்று கூட்டிக்கொண்டு நடந்தபடி கேட்பது, யாருக்கும் தெருமுனையில் நின்று குறி போடுவதில்லை என்று முடிவானது. நெசவாளர்களிடம் கூடுதலாக ஒன்று கேட்கவும் தீர்மானித்தார்கள்: அடுத்த பாவு எப்போது?

நான் கிளம்பும் நாள் காலை செல்வி என்னைச் சீக்கிரமே எழுப்பிக் கூட்டிப்போனாள். வரதனுக்கு வர வேண்டிய புதுப் பாவை, அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தும், நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. முந்தின நாள் செல்வி வரதனிடம் நேராகவே கேட்டிருக்கிறாள், போடலாமா வேண்டாமா, உங்கள் இஷ்டம் என்று. "போடுங்க. நெய்வேனான்னு தெரியாது" என்றாராம்.

இந்த ஊரில் பாவைத் தெருவில் நீட்டித்தான் கஞ்சி போட்டு உலர்த்துகிறார்கள். அதற்கு ஒரு வீட்டு ஆட்கள் போதாது. யாரும் யாரையும் அழைப்பதில்லை. கழியோடு ஒருவர் தெருவில் இறங்கினால் கதவுகள் திறக்கின்றன. அன்றும் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வந்தார், பால் வாங்கப் போனவர் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்தார், லோகம்மா வந்தாள், சுவருக்கு இரண்டு பக்கத்து வீட்டாரும் வந்தார்கள். நீலப் பட்டு நூல் தெரு நீளத்துக்கு விரிந்தது. எனக்கும் ஒரு கஞ்சிச் சட்டியைக் கொடுத்தார்கள். இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, இரண்டு பக்கமும் வரிசையாக நின்று வேலை செய்தார்கள். அவருக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பேசவில்லை. ஒருவரும் அவரைப் பார்க்காத மாதிரி நடிக்கவும் இல்லை.

வரதன் வெகுநேரம் வாசலிலேயே நின்றார். பிறகு மெல்ல இறங்கி வந்து நுனிக்கழியைப் பிடித்திருந்தவரிடம் கையை நீட்டினார். அவர் கழியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். நான் என் சட்டியோடு பக்கத்தில் போனேன்.

"எப்பிடி இருக்கிறியள்?" என்றேன்.

"நல்லா இல்லீங்க" என்றார். கழியை இறுக்கிப் பிடித்து நூலைப் பார்த்தபடியே சொன்னார். "தூக்கம் வரல. அந்த நெனப்பும் முழுசா போகல."

ஒரு நோயாளி நன்றாக இல்லை என்று சொல்லி நான் மகிழ்ந்தது வாழ்க்கையில் அன்றுதான். என் கண் கலங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

"எங்கட கந்தோரில, அலுவலகத்தில, சேலை கேட்டு அனுப்பினவை" என்றேன். "இந்தப் பாவில ஒண்டு எனக்கு வேணும். உங்கட முதலாளியிட்ட நான் சொல்லுறன்."

"மொத சேலையாங்க?"

"இல்லை. கடைசிச் சேலை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எதுக்கு கேக்கறீங்கன்னு தெரியுதுங்க" என்றார்.

"தெரியட்டும்" என்றேன்.

ஒரு சேலை ஒரு மனிதனைப் பிடித்துவைக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மாத்திரையும், கஸ்தூரியின் கண்ணும், தினமும் உள்ளே போய் உட்காரும் செல்வியும்தான் அதைச் செய்ய வேண்டும். ஆனாலும் கேட்டேன். எட்டு நாளில் நான் கேட்டவற்றில் ஒன்றுக்காவது வெட்கப்படாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வவுனியாவுக்கு வெறுங்கையோடு வந்தேன். மாம்பழ நிறமும் இல்லை, கரும்பச்சையும் இல்லை. மூன்று பேரும் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அறிக்கை எழுத உட்காரும் முன்பு என்னுடைய சொந்தக் கோப்புகளை எடுத்து ஒன்பதாவது கேள்வியை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். எத்தனை தாளில் வெறுமையாக இருந்தது என்று இங்கே சொல்லமாட்டேன். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கேட்டு முடித்ததும் பதில் வரும்வரை இன்னும் எனக்குப் பயம்தான். இரண்டு பேர் "வருகுது" என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் இருவரும் இப்போது சிகிச்சையில் இருக்கிறார்கள். ஒருவர், தோட்டத்துக்கு விதை வாங்கி வைத்தவர் என்று நான் நிம்மதியாக இருந்த ஆள்.

புதன்கிழமைகளில் செல்வி எனக்குப் போன் எடுப்பாள். அந்த ஒரு முழத்தை வரதன் நெய்து முடிக்க மூன்று வாரம் ஆனது. நுனியை அறுக்கவில்லை. லோகம்மா வந்து ஒரு பகல் முழுதும் உட்கார்ந்து பிணைத்துவிட்டுப் போனாள். போன புதன்கிழமை செல்வி சொன்னாள்: "நேத்து உள்ள போய் கேட்டேன்க்கா, ஒன்பதாவதையும். இந்த வாரம் ரெண்டு நாள் வந்துச்சாம். அவரே கஸ்தூரிய கூப்ட்டு சொல்ட்டாராம்." பின்னால் ஒரு தறி ஓடும் சத்தம் கேட்டது. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை.

"அப்பறம் ஒண்ணு சொல்லச் சொன்னாரு" என்றாள். "மொத சேலையே இன்னும் பாதி வரல, உங்களுது கடைசி, ரொம்ப லேட்டாகும், கோச்சுக்காதீங்கன்னு சொன்னாரு."

"லேட்டாகட்டும்" என்றேன். "எனக்கு ஒரு அவசரமும் இல்லையெண்டு சொல்லும்."